மேல்வளி மண்டலமும் சென்னியம்மாள் கிணறும்

மனிதகுலம் மேல்வளி மண்டலத்தை வென்றது 1961ஆம் வருஷம் பங்குனியில், புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே, சென்னியம்மாளின் கிணற்றுக்குள்.

விண்வெளியிலிருந்து பெருவேகத்தில் பாய்ந்து வரும் எலக்ட்ரான்களை எண்ணுவதற்காக பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து பலூன் விட்டிருந்தார்கள். பலூன் வெடித்து, அதில் கட்டியிருந்த பெட்டி கிணற்றில் விழுந்தது. அவள் போக்கில் விட்டிருந்தால் சென்னியம்மாள் கயிற்றில் பாதாளக்கரண்டியைக் கட்டி இறக்கி, கொக்கியில் மாட்டி எடுத்திருப்பாள். அப்படிப்பட்ட அநாகரிகம் நடக்க அரசாங்கம் விடுமா? மறுநாளே ஜீப்பில் வந்து இறங்கிய ‘விண்துகள் விசாரணைக் குழு’, கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்தது. இனி ஒரு சொட்டுத் தண்ணீர் இறைக்கக்கூடாது.

அரை ஏக்கர் மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது. புருஷனை இழந்தவளுக்கு அந்த வருஷத்துச் சோறே அதுதான்.

“தண்ணி பாச்சி நாலு நாளாச்சுங்க. பொட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருங்க சாமி” என்றாள்.

குழுத் தலைவர் கஸ்பார் சேலத்துக்காரர், பரிவே உருவானவர். “இது இனிமே சர்வதேசக் கிணறும்மா. பெட்டியை எப்படி எடுக்கிறதுன்னு மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்.”

“கயித்தப் போட்டு எடுக்கறதுங்க.”

“அது ‘அபிப்பிராயம்’. எங்களுக்கு வேண்டியது ‘உத்தரவு’.”

குழு சும்மா இருக்கவில்லை. அவளுடைய தென்னை நிழலில் எட்டுக் கூட்டம் நடத்தியது. கூட்டத்துக்கு ஆளுக்கொரு இளநீர். மரம் மொட்டையானதும் அறிக்கை எழுதும் வேலை துரிதமடைந்தது.

இருபத்தாறாம் நாள் உத்தரவு வந்தது: ‘கயிறு போட்டு எடுக்கவும்.’ ஐந்தே நிமிஷத்தில் பெட்டி வெளியே வந்தது. மிளகாய் அதற்குள் சருகாகியிருந்தது. சென்னியம்மாள் ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கஸ்பார் கம்பீரமாக அறிக்கையைப் படித்தார்: “எலக்ட்ரான்கள் மேல்வளி மண்டலத்தில் மோதி, அங்குள்ள காற்றைக் கலக்குகின்றன. அதனால் வானொலி கரகரக்கலாம். ஆயினும் நாற்பது மைல் உயரத்திலேயே அவை வலுவிழந்து நின்றுவிடுகின்றன. ஒன்றுகூடத் தரையைத் தொடுவதில்லை.” கனைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனார்: “மேற்படி மிளகாய்ப் பயிர் கருகியதற்கு எலக்ட்ரான்களே காரணம்.”

கீழே அவள் கைநாட்டு வைக்க இடம் விட்டிருந்தது. மைப்பெட்டியை நீட்டினார்.

சென்னியம்மாள் கையை நீட்டவில்லை.

“மேல இருந்து வந்ததெல்லாம் மேலயே நின்னு போச்சுன்னு நீங்கதானுங்க படிச்சீங்க. கீழ வரைக்கும் வந்து சேந்தது நீங்க மட்டுந்தானுங்களே, சாமி.”