வேற ஆளோடு கப்பல் ஏறியவள்

பெண்டாட்டிக்குப் புருஷனின் முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும். மற்ற ஊர்களில் எப்படியோ, கடலூரில் எங்கள் தெருவில், என் வயதுப் பொம்பிளைகளுக்கு அப்படித்தான். இது தெரியாதவர்கள்தான் என்னைப் பார்த்து நாலு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன தையில் சிதம்பரத்தில் ஒரு கலியாணம். பந்தியில் உட்கார்ந்து வாயில் இட்லியை வைக்கவில்லை, என் நாத்தனார் சரசு பக்கத்து இலைக்காரியிடம் ஆரம்பித்துவிட்டாள். "இவுங்க யாரு தெரியுமில்ல? எங்க அண்ணி. அமெரிக்காவுல வேற ஆளோட கப்பல் ஏறுனவங்க!" பந்தி முழுக்கச் சிரிப்பு. சாம்பார் வாளியோடு வந்தவர்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். எனக்குச் சபையில் வாய் வராது. அஞ்சாம் வகுப்பில் எழுந்து நின்று பாட்டு ஒப்பிக்கச் சொன்னபோதே வரவில்லை. அதோடு பள்ளிக்கூடமும் முடிந்துவிட்டது. ஆனால் எழுத வரும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் (பெயர் எழுத மாட்டேன்) கடலூர் முதுநகரில் வலை, கயிறு விற்கிற கடை வைத்திருந்தார். கயிற்றுச் சுருளைத் தூக்கித் தூக்கி அவருக்கு இடது தோள் இறங்கியிருக்கும். அந்தத் தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. கலியாணமான மறுநாளிலிருந்து அந்தத் தோளையும் துண்டையும் பார்த்துத்தான் நடக்கிறேன். சிதம்பரம் தேரில் எள் போட்டால் விழாத கூட்டத்திலும் தவறவிட்டதில்லை. அவர் திரும்பியே பார்க்க மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பின்னால் நீட்டுவார். நான் பாட்டிலை வைப்பேன். வெற்றிலைக்கும் அதே கை, பஸ் டிக்கெட்டுக்கும் அதே கை. வாயைத் திறந்து கேட்டதும் கிடையாது, நான் தவறாக வைத்ததும் கிடையாது.

இந்த மனுஷரைத்தான் அமெரிக்காவில் என் மாப்பிள்ளை உருத்தெரியாமல் ஆக்கினார்.

எங்கள் மகள் கலா என்ஜினியரிங் படித்து, வேலை கிடைத்து, நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள் கூப்பிட்டுத்தான் போனோம். மார்ச் மாதம். நம் ஊரில் விசிறி தேடுகிற மாதம், அங்கே மூக்கு நுனி கழன்று விழுகிற குளிர். மாப்பிள்ளை தங்கமானவர். ஆளுக்கு ஒரு கோட்டு வாங்கி வந்தார். எனக்கு மிளகாய்ப்பழச் சிவப்பில், அவருக்குக் கறுப்பில். தலைக்குக் கறுப்புக் குல்லா. துண்டை எடுத்துத் தோளில் போட்டவரிடம், "மாமா, இங்கெல்லாம் துண்டு வேணாம், கோட்டுக்கு நல்லாருக்காது" என்று சொல்லி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. என்னை ஆகாயத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது. நியூயார்க்கில் நடக்கிற ஆம்பிளைகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்புக் கோட்டுதான் போட்டிருந்தார்கள்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்கவில்லை. அதனால் எங்கள் இரண்டு பேரையும் ஒரு சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் எல்லாம் காட்டிக் கொண்டுவந்து விடுவார்களாம். பஸ்ஸில் பாதிப்பேர் சீனாக்காரர்கள். தமிழ் பேச ஒரே ஒரு கோயம்புத்தூர் ஜோடி. அந்தம்மா ரிட்டையரான டீச்சர். புருஷன் கையைக் கோத்துக்கொண்டுதான் நடப்பார். (எனக்குத்தான் பார்க்க வெட்கமாக இருந்தது.) வழிகாட்டி ஒரு சின்னப் பெண், மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுவாள். எல்லாரும் கொடியைப் பார்த்து நடக்க வேண்டும் என்று சட்டம்.

எங்களுக்குள் சட்டம் வேறு. கொடியைப் பார்ப்பது அவர் வேலை. அவரைப் பார்ப்பது என் வேலை.

முதல் நாள் நியூயார்க். கட்டடம் கட்டடமாகக் காட்டினார்கள். அண்ணாந்து பார்த்தால் அவர் தவறிவிடுவார் என்று நான் எந்தக் கட்டடத்துக்கும் உச்சியைப் பார்க்கவில்லை. அவ்வளவு செலவு செய்து போய் நான் பார்த்ததெல்லாம் ஒரு கறுப்புக் கோட்டின் முதுகுத் தையலை.

"கொஞ்சம் மெதுவா போங்களேன்" என்றேன்.

"கொடி போவுதுடி. வா வா" என்றார், கொடியைப் பார்த்தே.

அடுத்து, கடலுக்கு நடுவே நிற்கிற பெரிய சிலையைக் கப்பலில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் படகுக்காரர் வீட்டுப் பெண்தான். ஆனால் சுனாமிக்குப் பிறகு படகில் கால் வைத்ததில்லை. சுனாமி வந்த அன்றைக்கு மட்டும்தான் அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

கப்பல் துறைக்குப் போகிற வழியில் என் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. (சேலைக்கு ஷூ, அதுவும் மாப்பிள்ளை ஏற்பாடு.) குனிந்து, முடிச்சுப் போடத் தெரியாமல் உள்ளே சொருகிவிட்டு நிமிர்ந்தேன். முன்னால் கறுப்புக் கோட்டு, கறுப்புக் குல்லா, இறங்கின இடது தோள். நான் குனிந்தது தெரிந்து நின்றிருக்கிறாரா பார், மனுஷர் போய்க்கொண்டே இருக்கிறார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. டிக்கெட் யாரும் கேட்கவில்லை. அவர் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். ஆரஞ்சு நிறத்தில் மூன்று மாடிக் கப்பல். ஏறினார், ஏறினேன். அவர் கம்பியோரம் போய் நின்றார். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

கப்பல் கிளம்பி ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தால், சிலை ஒரு பக்கமாக நழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. கப்பல் நிற்கிற மாதிரித் தெரியவில்லை.

"ஏங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. திரும்பாததால் அவரேதான் என்று உறுதியாயிற்று.

"ஏங்க, செல அந்தாண்ட போவுது. கப்பலு நிக்காம போவுதே?"

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டினார். ஒரு கை விரிந்திருந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

திரும்பினார். வெள்ளை மீசை. பூனைக் கண்ணு. பழுத்த தக்காளி மாதிரி ஒரு வெள்ளைக்காரக் கிழவர்.

அவர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், "தேங்க் யூ" என்றார். சொல்லிவிட்டுத் திறந்து குடிக்கவும் குடித்தார்.

பாஸ்போர்ட் அவரிடம், போன் அவரிடம், காசு அவரிடம். என்னிடம் இருந்ததெல்லாம் புளிச்சோற்றுப் பொட்டலம். கப்பல் முழுக்க "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு "ஏங்க" சொன்னால் பத்து ஆம்பிளைகள் திரும்புவார்கள். இங்கே ஒருத்தர் திரும்பவில்லை. வெள்ளைக்காரரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன். "ஹஸ்பெண்ட். லாஸ்ட். பிளாக் கோட்டு." அவர் சுற்றிலும் பார்த்தார். கறுப்புக் கோட்டுகள் வரிசையாக நின்றன. தன் கோட்டையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

தொலைந்துபோன பயத்தைவிட எனக்கு இன்னொரு பயம் பெரிதாக இருந்தது. நான் இல்லை என்பது அவருக்குத் தெரியுமா? மனுஷர்தான் திரும்பிப் பார்க்கிற ஜாதியில்லையே! பிலடெல்பியா வரைக்கும் போய், கையைப் பின்னால் நீட்டி, ஒன்றும் வரவில்லை என்றால்தான் தெரியுமோ? இத்தனை வருஷம் பின்னால் நடந்தவள் இருக்கிறாளா இல்லையா என்பது தண்ணீர் வேண்டும்போதுதான் தெரியும் என்றால், அது என்ன குடித்தனம்? அழுகை வரவில்லை எனக்கு. கோபம்தான் வந்தது.

நான் வந்த கரைப்பக்கம் கையைக் காட்டினேன். அந்தக் கிழவருக்குப் புரிந்துவிட்டது. அது சிலைக்குப் போகிற கப்பலே இல்லை, அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற கப்பலாம்; அங்கே எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். அவர் தன் வீட்டுக்குப் போகாமல், என் பையை வாங்கிக்கொண்டு, சுற்றி அழைத்துப்போய் அதே மாதிரிக் கப்பலில் மறுபடி ஏற்றித் தானும் ஏறினார். வழியெல்லாம் ஏதோ கதை சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் "எஸ்" போட்டேன். ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். முக்கியமாக ஒன்று எழுத வேண்டும்: அந்த மனுஷர் என் பக்கத்தில் நடந்தார். முன்னால் நடக்கவில்லை.

இறங்கி வெளியே வந்தால், துறையில் எங்கள் பஸ் மொத்தமும் நிற்கிறது. மஞ்சள் கொடிப் பெண் ஒரு போலீஸ்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். நடுவில் எங்கள் வீட்டுக்காரர். குல்லா இல்லை, முடி கலைந்து கிடக்கிறது. வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எனக்கு நேராக, என் பக்கம் திரும்பி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு நிமிஷம் யாரோ என்று நினைத்துவிட்டேன்.

"எங்கடி பூட்ட?" என்று கத்தினார். குரல் பாதியில் உடைந்தது.

"நீங்க எங்க பூட்டீங்க?" என்றேன். வாழ்க்கையில் நான் எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு. அதுவும் போலீஸ் முன்னால்.

அந்தச் சமயம் பார்த்துக் கோயம்புத்தூர்க்காரர் போட்டோ எடுத்துவிட்டார். சிவப்புக் கோட்டில் நான், பக்கத்தில் என் பையோடு வெள்ளைக்காரர். அதைக் கலாவுக்கு அனுப்ப, கலா கடலூருக்கு அனுப்ப, நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்னாலேயே கதை வந்து காத்திருந்தது.

இவ்வளவுதான் எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாததை இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் பிலடெல்பியாவில், விரிசல் விட்ட ஒரு மணியைக் காட்ட வரிசையில் நிறுத்திவைத்திருந்தார்கள். டீச்சரம்மா என் காதோரம் வந்தார். "அக்கா, சொல்லலாமோ என்னமோங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து உங்க வீட்டுக்காரரு கப்பல் ஏறறப்ப கையைப் பின்னால நீட்டுனாருங்க. பின்னால ஒரு சீனாக்காரப் பாட்டி. ஏறறதுக்குக் கை குடுக்கறாருன்னு அது கெட்டியாப் புடிச்சுக்கிச்சுங்க."

"அவரு?"

"விடலீங்கக்கா. 'பயப்படாத, வா'ன்னு தமிழ்ல சொல்லிட்டே, திரும்பியே பாக்காம கூட்டிட்டுப் போயி சீட்ல உக்கார வெச்சாருங்க. அப்புறம் தண்ணிக்குக் கை நீட்டி, ஒண்ணும் வரலீன்னு திரும்புனாரு பாருங்க, ஐயோ!"

அங்கே ஒரு அலறல் அலறினாராம். கப்பல் நடுக்கடலில். திருப்பச் சொல்லி மாலுமியிடம் போய்த் தமிழில் சண்டை போட்டாராம்.

நான் நேராக அவரிடம் போய்க் கேட்டேன். "கெழவி கைய புடிச்சிகிட்டுப் போனீங்களாமே?"

மணியைப் பார்த்தபடியே சொன்னார். "ஒன் கைன்னு நெனச்சேன்."

"எங்கையி எப்பிடி இருக்கும்னே தெரியாதா ஒங்களுக்கு?"

"கடல பாத்ததும் பயந்துட்டு நீதான் புடிக்கிறேன்னு நெனச்சேன்டி. அதான் விடல."

பஸ்ஸுக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்து சிவப்புக் கட்டத் துண்டை எடுத்து அவர் கோட்டின் மேல் போட்டேன். வாஷிங்டனில் ஊசி மாதிரி நிற்கிற வெள்ளைக் கோபுரத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கறுப்புக் கோட்டு, அதன்மேல் கடலூர்த் துண்டு. மாப்பிள்ளைக்கு அந்தப் போட்டோ பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

இப்போது கேட்கிறேன். நான் ஒரு முதுகுக்குப் பின்னால் போனேன். ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். அவரோ ஒருத்தி கையைப் பிடித்துக் கப்பலேற்றி உட்காரவைத்தார். ஆனால் நாலு வருஷமாகப் பேர் கெட்டது யாருக்கு? சரசுவுக்கு இந்தப் பாதி தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் சொல்லவில்லை. நானும் சபையில் வாய் வராமல் விட்டுவிட்டேன். இனிமேல் தெரியட்டும். நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் வாசலில் நின்று, "அண்ணி, முதுவ நல்லா பாத்துட்டுப் போங்க" என்று கூவுகிறாளே, அண்ணன் கிளம்பும்போது, "கைய நல்லா பாத்துட்டுப் புடி" என்றும் கூவட்டும். அதுதான் நியாயம்.

இப்போதும் அவர்தான் முன்னால் போகிறார். இப்போதும் திரும்பிப் பார்ப்பதில்லை. கலியாணம் முடிந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். முகூர்த்த நாள், பயங்கரக் கூட்டம். அவர் நடந்துகொண்டே கையைப் பின்னால் நீட்டினார். பாட்டிலை வைத்தேன்.

"தண்ணி யாருடி கேட்டா?" என்றார், முன்னால் பார்த்தபடியே. கை நீட்டின மேனிக்கே இருந்தது.

என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். ஆனால் வாயைத் திறந்து கேட்கட்டும். கேட்கிற வரைக்கும் தண்ணீர்தான்.