மாப்பிள்ளையின் சட்டையைத் தோய்த்த தெய்வம்

குடும்பத்தில் ஒருவனுக்குப் படம் கீற வரும் என்று தெரிந்துவிட்டால், அவனைச் சம்பளமில்லாத ஓவியனாகச் சொந்தக்காரர் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வார்கள். கோயில் நோட்டீசுக்குப் பிள்ளையார், மாமியின் கடைக்குக் கத்தரிக்காய் என்று கீறிக் கீறி, நானும் என்னைப் பெரிய கலைஞன் என்றே நம்பியிருந்தேன். (தாடி வேறு வைத்திருந்தேன்.)

அந்த நேரம் பார்த்து, டப்ளினில் தாதியாக இருந்த அக்கா, அங்கே ஓர் ஐரிஷ்காரரை விரும்பி, கல்யாணம் முடிக்க எங்கள் ஊரான கொடிகாமத்துக்கு வந்தாள். மாப்பிள்ளையின் பெயர் ஷோன். அவருடைய தாய் நோராவும் வருகிறார் என்றதும் அம்மாவுக்கு நித்திரை போய்விட்டது.

"அந்த மனிசி முகம் சுழிச்சால் அக்காவின்ரை வாழ்க்கை போச்சு, சுதன். மண்டப வாசலிலை அவையின்ரை சாமி ஒண்டைப் பெரிசாக் கீறி வை. மரியாதையா இருக்கும்."

ஐரிஷ்காரரின் முன்னோரான கெல்டிக் ஆட்களின் தேவிகள் என்று போனில் தேடினேன். நெருப்புக்குப் பிரிஜித், குதிரைகளுக்கு எபோனா என்று எல்லோரும் செம்பட்டைத் தலைமயிரோடு அழகாகத்தான் இருந்தார்கள். என் கண் போய் நின்றது மொரிகனில். மூடுபனி, ஆறு, தோளில் ஒரு காகம். தேவி குனிந்து ஒரு சிவப்புத் துணியைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. கலைஞன் வாசிக்கமாட்டான், பார்ப்பான்!

நான் பார்த்தேன். உடுப்புத் தோய்க்கும் தெய்வம், எவ்வளவு பொறுப்பான பிள்ளை! சிவப்புத் துணி கூறைச்சேலையாகத்தான் இருக்கவேண்டும். காகம், ஆசீர்வதிக்க வந்த முன்னோர். கல்யாணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெரிய துணியில் கீறி முடித்தேன். அதோடு நின்றிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டாரைக் குளிர்விக்கவென்று தேவியின் கையில் ஓர் ஆண் சட்டையையும் கொடுத்து, அதன் முதுகில் ஆங்கிலத்தில் ஷோனின் பெயரையும் எழுதினேன்.

"மருமோன்ரை உடுப்பைச் சாமியே தோய்க்குது!" என்று அம்மா பூரித்துப்போனார்.

கல்யாணத்தன்று, மேளதாளத்தோடு வந்த நோரா வாசலில் படத்தைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. படியேற மாட்டேன் என்று நின்றுவிட்டார். அரைகுறை அலங்காரத்தோடு ஓடிவந்த அக்கா அவரோடு கதைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எருமை! இவ சண்டைத் தெய்வமடா. ஆர் சாகப்போறானோ, அவன்ரை ரத்தம் பட்ட உடுப்பை ஆத்திலை தோய்ப்பாவாம்!"

"காளியும் கொல்லுறாதானே, அக்கா?"

"காளி மாப்பிளையின்ரை பேரைப் போட்டுக் கொல்லுறேல்லை!"

"முகூர்த்தம் போகுது!" என்று உள்ளேயிருந்து ஐயர் கத்தினார். அம்மா அழத் தொடங்கினார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே இழுத்தால் நல்லது போலிருந்தது.

"படத்தைக் கழட்டட்டோ?"

"கழட்டியும் பிரயோசனமில்லையாம், கண்டாச்சாம். அவர்ரை பேரை அழிச்சுப்போட்டு உன்ரை பேரை எழுது."

"என்ரையோ?"

"ஆராவது ஒராள் சாகத்தானே வேணும்!"

எழுதினேன். ஐயர் கத்திய அவசரத்தில் எழுத்து கோணிக்கோணி கெல்டிக் பாணியிலேயே அமைந்துவிட்டது. நோரா பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கன்னத்தை இரக்கத்தோடு தடவிவிட்டு நிம்மதியாக உள்ளே போனார். தாலி ஏறியது.

அந்தப் படம் இப்போது டப்ளினில், அக்கா வீட்டு உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நோரா அக்காவிடம் கேட்கும் முதல் கேள்வி, நான் இன்னும் இருக்கிறேனா என்பதுதான்.

பிற்பாடு எனக்கும் கல்யாணமானது. முதல் கிழமையே என் சட்டைகளைக் கூடையில் போட்டேன். அக்கா ஏற்கெனவே போனில் எல்லாவற்றையும் சொல்லிவைத்திருந்தாள் போல. மனைவி கூடையை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"நான் உங்கடை சட்டை தோய்க்கமாட்டனப்பா. ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

அன்றிலிருந்து கிணற்றடியில் நானேதான். மதிலில் ஒரு காகம் வந்து குந்தினால் போதும், குசினிக்குள்ளிருந்து குரல் வரும்:

"தேவி வந்திட்டா! நல்லா உரஞ்சுங்கோ!"