கப்பலை விட்டு இறங்காத பாட்டனார்

கிள்ளானில் இருந்த ஜவுளிக் கடையை மகனிடம் ஒப்படைத்த அன்று நசீருதீன் ஒரு முடிவை அறிவித்தார். இனி அவர் வியாபாரி இல்லை, எழுத்தாளர். தன் பாட்டனார் கப்பலேறி மலாயாவுக்கு வந்து தெருத்தெருவாகத் துணிமூட்டை சுமந்த நாள் தொடங்கி இன்றுவரையிலான குடும்ப வரலாற்றைப் புத்தகமாக எழுதப் போகிறார். பெயர்கூடத் தயார்: 'எங்கள் குலமும் கிள்ளான் நகரமும்'.

கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார். கேட்டது அவர் மனைவி பரீதா ஒருத்திதான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வந்தது. நசீருதீன் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

புத்தகம் எழுதுவதில் இத்தனை வசதி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் கடையை இன்னும் சீக்கிரமே விட்டிருப்பார். எழுத்தாளர் மீன், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகவேண்டியதில்லை. காலியான கேஸ் தோங்கை மாற்ற வேண்டியதில்லை. சனிக்கிழமைதோறும் ரவாங்கில் இருக்கும் பரீதாவின் அக்கா ருமானா வீட்டுக்குப் போய், அங்கே சோபாவில் முதுகு நிமிர்த்தி உட்கார வேண்டியதில்லை. மதியச் சோறு முடிந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாயங்காலம் தேத்தண்ணியும் சுடச்சுடப் பொரித்த கறிபாப்பும் கதவருகே வந்து சேரும்.

உள்ளே நடந்தது பெரும்பாலும் தூக்கம். மீதி நேரம் லேப்டாப்பில் சீட்டாட்டம். எழுதவே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். முதல் வாக்கியத்தை எழுதிவிட்டார். நல்ல வாக்கியம். அதற்கு ஈடான இரண்டாவது வாக்கியம் வரட்டும் என்று காத்திருந்தார். அப்படியே இரண்டு வருஷம் போய்விட்டது.

இதற்கிடையில் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தபோது யாரோ, புத்தகம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார்கள். முன்னூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது என்று நசீருதீன் சொல்லிவிட்டார். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் யாசின் நின்றதைத்தான் அவர் பார்க்கவில்லை. யாசின் பரீதாவின் தம்பி, ஊர்ச் சங்கத்தின் செயலாளர், எதையும் உடனே செய்து முடிக்கிற ஆள். மறுவாரமே வந்து நின்றார்.

"மச்சான், கமிட்டியில பேசியாச்சு. நம்ம ஆண்டு விருந்துலயே உங்க புத்தகத்த வெளியிடுறோம். ஹால் புக் பண்ணியாச்சு."

அன்று மதியம் நசீருதீன் தூங்கவில்லை. மறுநாள் காலையில், வாழ்க்கையில் முதன்முறையாக, எழுதியே தீருவது என்று லேப்டாப்பைத் திறந்தார். கறுப்புத் திரை வந்தது. அணைத்துப் போட்டார். மறுபடியும் கறுப்பு. மேலே ஒரே ஒரு வரி ஆங்கிலம்: தொடங்குவதற்கு உள்ளே எதுவும் கிடைக்கவில்லை என்று அது சொன்னது. நசீருதீனின் நிலைமையும் அதுவேதான்.

அப்புறம் மெல்ல விஷயம் புரிந்தது. பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வெள்ளத்தில் மூழ்கிய செய்தி வந்தால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு ஒருமுறை சிரித்துக்கொண்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முகத்தை இழுத்து வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"பரீதா, எல்லாம் போச்சு."

செய்தி கிள்ளான் முழுக்கப் பரவியது. துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். சிலர் பிஸ்கட் டின்னோடு வந்தார்கள். நசீருதீன் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் முன்னூறு பக்கத்தைப் பற்றிச் சொன்னார். தொலைந்துபோன அத்தியாயங்களை விவரித்தார். அந்த வாரக் கடைசியில் அவரே அவற்றை நம்பத் தொடங்கியிருந்தார். ஒன்றிரண்டு இடங்கள் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தன.

பரீதா மட்டும் துக்கப்படவில்லை. போனில் நாலு பேரிடம் விசாரித்தாள். அவள் சிநேகிதி ஒருத்தியின் மகளுடைய கல்யாணப் படங்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டனவாம். பிரிக்பீல்ட்ஸில் உஷாராணி என்ற பெண் கடை வைத்திருக்கிறாளாம், ஒரே நாளில் அத்தனையையும் எடுத்துக் கொடுத்துவிட்டாளாம்.

"மிஷின் எந்திரிக்கலன்னா உள்ள இருக்கறதும் போச்சுன்னு அர்த்தம் இல்லயாம். கொண்டு போய்க் காட்டுங்க" என்றாள்.

எல்லாம் விதி, அதை ஏற்றுக்கொள்வதுதான் முறை என்று நசீருதீன் எடுத்துச் சொன்னார். ஏற்றுக்கொள்ளலாம், காட்டிவிட்டு வந்து ஏற்றுக்கொள்ளலாம் என்றாள் பரீதா. வேண்டுமானால் தானே கொண்டுபோவதாகவும் சொன்னாள். நசீருதீன் அவசரமாக எழுந்து சட்டை மாட்டினார்.

கிள்ளான் ஸ்டேஷனில் கொம்யூட்டர் ரயில் ஏறும்போதே அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். எளிமையான திட்டம். லேப்டாப் பையை இருக்கைக்குக் கீழே தள்ளி வைப்பது, கேஎல் சென்ட்ரலில் இறங்குவது, பையை மறந்துவிடுவது. வயதான ஆள், துக்கத்தில் இருக்கிறவர், மறக்க மாட்டாரா? ரயில் அப்படியே ரவாங் தாண்டிப் போய்விடும். திட்டப்படியே வைத்தார், திட்டப்படியே இறங்கினார். பிளாட்பாரத்தில் பத்தடி நடப்பதற்குள் பின்னால் சத்தம் கேட்டது.

"பாக்சிக்! பாக்சிக்! பாராங் தெர்திங்கல்!"

பெரியவர் பொருளை விட்டுவிட்டாரே என்று மலாயில் கூவியபடி பெண் ஒருத்தி, கையில் பையோடு, மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரயில் கதவு மூடி, வண்டி புறப்பட்டுவிட்டது. அவள் போகவேண்டிய இடம் இன்னும் தூரமாம். ஐயாவின் பொருள் போய்விடக்கூடாதே என்று இறங்கிவிட்டாளாம். நசீருதீன் பையை வாங்கிக்கொண்டு, "தெரிமா காசே" என்றார். இத்தனை கசப்போடு நன்றி சொன்னவரை அந்த ஸ்டேஷன் பார்த்திருக்காது. அடுத்த ரயில் வரும்வரை அவளோடு நின்று ஆறுதலும் சொல்ல வேண்டியதாயிற்று.

உஷாராணியின் கடை பூமாலைக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட சுறுசுறுப்பான பெண். லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தாள். கறுப்புத் திரையில் இருந்த வரியைப் படித்தாள்.

"டிஸ்க் செத்துருச்சாம்மா?" என்று கேட்டார் நசீருதீன். குரலில் இருந்த ஆவலை அவள் கவலை என்று எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அங்கிள். டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. விண்டோஸ்தான் எந்திரிக்க மாட்டேங்குது. டிஸ்கைக் கழட்டி என் மிஷின்ல மாட்டினா உள்ள இருக்கறது அப்படியே தெரியும். அஞ்சு நிமிஷம் லா."

அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றினாள். சின்னப் பலகை போல ஒன்றை உருவி எடுத்தாள். அதை ஒரு பெட்டியில் செருகித் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். நசீருதீன் இறைவனை நினைத்துக்கொண்டார். திரையில் 'எங்கள் குலமும் கிள்ளான் நகரமும்' என்ற கோப்புறை, ஒரு கீறல்கூட இல்லாமல், வந்து நின்றது.

உள்ளே மூன்று கோப்புகள் இருந்தன. உஷாராணி முதலாவதைத் திறந்தாள்.

'என் பாட்டனார் கப்பலை விட்டு இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது.'

பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்தாள். தள்ளுவதற்குப் பக்கம் இல்லை. இரண்டாவதைத் திறந்தாள். 'என் பாட்டனார் கப்பலை விட்டு இறங்கியபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.' மூன்றாவதில் லேசாகத் தூறல்.

"அங்கிள், ஃபைல் அடிபட்டிருக்கு போல. ஒவ்வொரு வரிதான் வந்திருக்கு. மத்தத ஆழமாத் தேடிப் பாக்கட்டுமா?"

நசீருதீன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"ஆழமா ஒண்ணும் இல்லம்மா. அவ்வளவுதான்."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. சிரிக்கவில்லை, அது அவளுடைய நல்ல குணம். நசீருதீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நிலைமையை விளக்கினார். எல்லாம் அழிந்துவிட்டது, மீட்க வழியே இல்லை என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டார்.

"எப்படியாச்சும் எடுத்துக் குடுங்கன்னுதான் அங்கிள் எல்லாரும் வருவாங்க. எடுத்தத இல்லன்னு சொல்லச் சொல்றதுல நீங்கதான் முதல் ஆள்." அவள் யோசித்தாள். "நானா போன் பண்ணிச் சொல்ல மாட்டேன். ஆன்டி கேட்டாங்கன்னா பொய் சொல்ல மாட்டேன்."

நசீருதீனுக்கு அது போதும். பரீதாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும், என்ன கேட்பாள்? விண்டோஸைப் புதிதாக ஏற்றி வாங்கிக்கொண்டு, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். கணினி பிழைத்துவிட்டது, புத்தகம்தான் பிழைக்கவில்லை என்று வீட்டில் சொன்னார். பரீதா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் யாசினையும் சங்கத்து ஆட்களையும் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். பிரியாணியும் தால்ச்சாவும் பரிமாறி முடிந்ததும் நசீருதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். சொல்லவேண்டியதை நன்றாகப் பழகி வைத்திருந்தார். முன்னூறு பக்கம், இரண்டு வருஷ உழைப்பு, ஒரு குலத்தின் ஆவணம், எல்லாம் ஒரு கறுப்புத் திரைக்குள் அடங்கிப்போனது என்றார். யாசின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பெரியவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

பரீதா தால்ச்சாச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட சொல்லவே மறந்துட்டேங்க. காலையில உஷாராணிகிட்ட பேசினேன். எல்லாம் இருக்காம்."



"எல்லாம்னா?" என்றார் நசீருதீன்.

"நீங்க எழுதினது எல்லாம். ஒரு எழுத்துகூடப் போகலையாம்."

அப்புறம் அவரைப் பேச விடவில்லை. யாசின் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெரியவர் மறுபடியும் பிரியாணி போட்டுக்கொண்டார். எல்லாரும் இறைவனுக்கு நன்றி சொன்னார்கள். விருந்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது, அதற்குள் ஒருமுறை சரிபார்த்து அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்று அங்கேயே முடிவானது.

ஆட்கள் போனதும் நசீருதீன் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"இத்தனை பேர் முன்னால எதுக்குப் பொய் சொன்ன?"

"எங்க சொன்னேன்? எழுதினது எல்லாம் இருக்குன்னுதான் சொன்னேன். இல்லயா?"

பாட்டனாருக்கு மூன்று வானிலை இருந்தது. பேரனுக்கு ஒதுங்க ஓர் இடமும் இல்லை.

"முன்னூறு பக்கம்னு சொன்னது நீங்க. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? போய் எழுதுங்க. கதவு தெறந்தே இருக்கட்டும், காத்து வரும். எழுத்துப்பிழை மட்டும் நான் பாத்துத் தரேன்."

அந்த மாசம் நசீருதீன் எழுதினார். கை வலிக்க எழுதினார். தேத்தண்ணி அடுப்படிக்குப் போய்க் கேட்டால்தான் கிடைத்தது. விவரம் போதாதபோது பரீதா அவரைச் சனிக்கிழமைகளில் ரவாங்குக்குக் கூட்டிப்போனாள். ருமானாவுக்கு இரண்டு குடும்பத்தின் பழைய சங்கதியும் நிறையத் தெரியும். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டே இருக்க, அவர் சோபாவில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு நடுவே பரீதா போனில் என்னவோ தட்டிக்கொண்டிருப்பாள். எழுதிய பக்கங்களை அவளிடம் கொடுப்பார், அவள் பிழை பார்த்து அச்சகத்துக்கு அனுப்புவாள். பாட்டனார் ஒருவழியாகக் கப்பலை விட்டு இறங்கி, துணிமூட்டை சுமந்து, கடை வைத்து, காலமானார்.

புத்தகம் முன்னூறு பக்கம் வரவில்லை. சின்ன எழுத்தில் அச்சடித்ததால் அப்படித் தெரிகிறது என்று யாசின் எல்லாரிடமும் சொன்னார். விருந்தன்று ஹால் நிறைந்திருந்தது. நசீருதீனுக்கு மாலை போட்டார்கள். படித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளம் வந்த வருஷம் நனைந்த புடவைகளைப் பாட்டியார் தெரு முழுக்கக் காயப்போட்டு, அங்கேயே விற்றுத் தீர்த்த இடத்தில் யாசின் விழுந்து விழுந்து சிரித்தாராம். பெரியவர், பாட்டியாரைப் பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போன அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தாராம். இப்படி ஒரு எழுத்து நசீருதீனுக்குள் இருந்தது தெரியாமல் போயிற்றே என்றார்.

நசீருதீனுக்கும் தெரியாமல்தான் இருந்தது. நெஞ்சில் கை வைத்து அத்தனை பாராட்டையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரை அவர்தான் ஓட்டினார். சிக்னலில் நின்றபோது கேட்டார்.

"பரீதா, நீ பிழை மட்டுந்தானே பாத்த?"

"நடுவுல கொஞ்சம் எழுதவும் செஞ்சேங்க."

"கொஞ்சம்னா, எதெல்லாம்?"

பரீதா மாலையைப் பின் சீட்டில் வைத்தாள்.

"ஆளுங்க படிச்சதா சொன்னாங்கல்ல, அது மட்டுந்தான்."