வராத பன்றி விரட்டி

இனிமேல் மரவள்ளிக் காட்டைச் சுற்றி ஒரு புடவைகூடக் கட்டுவதில்லை என்று தனசேகரன் சபதம் எடுத்தார். அவராக எடுத்த சபதம் இல்லை. அவர் மனைவி விஜயலட்சுமி எடுத்து அவர் கையில் கொடுத்த சபதம்.

வடக்கனந்தல் பக்கம் காடு வைத்திருப்பவர்களுக்குப் புடவை கட்டுவது புதிதல்ல. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகள் கிழங்கைக் கிண்டித் தின்றுவிட்டுப் போகும். வேலியோரம் பழைய புடவைகளை இழுத்துக் கட்டினால், யாரோ நிற்கிறார்கள் என்று பயந்து ஒதுங்கும் என்பது ஊர் நம்பிக்கை. தனசேகரனும் வருஷாவருஷம் கட்டுகிறவர்தான். இந்த வருஷம் பழம்புடவை மூட்டை மாறிப்போனது. விஜயலட்சுமியின் அண்ணன் தன் புதுவீட்டு விசேஷத்துக்கு எடுத்துக் கொடுத்த புடவை, ஒரே ஒரு தடவை உடுத்தியது, வேலியில் படபடத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பன்றி வரவில்லை. விஜயலட்சுமி வந்தாள்.

அதற்கப்புறம்தான் போனில் அந்த விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. சூரிய வெளிச்சத்தில் ஓடும் பன்றி விரட்டி. புலி மாதிரி உறுமுமாம். சிவப்புக் கண்ணை உருட்டுமாம். விலை மூவாயிரத்து ஐந்நூறு. பெண் பார்க்கப் போன அன்றுகூட தனசேகரன் அப்படி வைத்த கண் வாங்காமல் பார்த்ததில்லை.

முழுப் பணமும் முன்னாடியே கட்ட வேண்டுமாம். அவர் கணக்கில் துடைத்து வைத்த மாதிரி ஒன்றுமில்லை. விஜயலட்சுமியின் கணக்கில் இருந்தது. நூறு நாள் வேலையில் வெயிலில் மண் சுமந்து, கம்மல் வாங்க என்று சேர்த்த பணம். அவள் துணி துவைக்கப் போன நேரம் பார்த்து அவள் போனை எடுத்தார். ரகசிய எண் தெரியாது. தலையைச் சொறிந்து, கல்யாணத் தேதியைத் தட்டினார். பணம் போய்விட்டது. அந்தத் தேதி அவருக்குச் சரியாக ஞாபகம் வந்தது அந்த ஒரு நாள்தான். ஆர்டர் ஆனதாக வந்த மெசேஜை அழித்தார். போனை இருந்த இடத்திலேயே வைத்தார். கிழங்கு பிடுங்கியதும் திருப்பிப் போட்டுவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார்.

பன்றி விரட்டி வரவில்லை. வேறு யாராவது என்றால் பத்து நாளில் பதறியிருப்பார்கள். மரவள்ளி வைக்கிறவருக்குப் பொறுமை ஜாஸ்தி. குச்சியை நட்டுவிட்டுப் பத்து மாசம் மண்ணுக்குள் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் காத்திருக்கிற ஆள், ஒரு பார்சலுக்குக் காத்திருக்க மாட்டாரா? இரண்டு மாசம் காத்திருந்தார். பன்றிகள் காத்திருக்கவில்லை. ஒருவழியாக விற்றவனுக்குப் போன் போட்டால், அந்த எண் உபயோகத்திலேயே இல்லை என்று ஒரு பெண் குரல் பவ்யமாகச் சொன்னது.

அன்று சாயங்காலமே விஜயலட்சுமி, ஆவணி பிறந்ததும் பாங்கில் இருப்பதை எடுத்துக் கம்மல் வாங்கப் போவதாகச் சொன்னாள். விஷயம் தெரிந்தால் அவள் திட்டுவாள், அது தனசேகரனுக்குப் பழகிப்போனதுதான். திட்டாமல் ஒரு பார்வை பார்த்தால்? மண் சுமந்த காசாயிற்றே. வெட்கம் பிடுங்கித் தின்றது. "எவனா இருந்தாலும் சரி, அந்தப் பணத்த வாங்காம வுடமாட்டன்" என்று கட்டுத்தறியில் நின்ற மாட்டிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்ல முடியும்?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அன்புச்செல்வன் கடை. பழைய போன் வாங்கி விற்பான், பணம் அனுப்பித் தருவான், கம்ப்யூட்டரில் மனு போட்டுக் கொடுப்பான். தனசேகரன் அவனிடம் போனார். அவன் நுகர்வோர் குறைதீர்ப்புப் பக்கத்தில் புகாரைத் தட்டிவிட்டு, ஆர்டர் போட்ட போனுக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அதைச் சொன்னால்தான் புகார் ஏறும் என்றான். ஆர்டர் போட்ட போன் விஜயலட்சுமியிடம் இருந்தது. தனசேகரன் வீட்டுக்குப் போன் போட்டார்.

"விஜி, உன் போனுக்கு ஒரு நம்பரு வந்துருக்கும். சொல்லு."

"இன்னா நம்பருங்க?"

"மானியம்."

"எதுக்கு மானியம்?"

"பன்னி தின்னதுக்கு."

"பன்னி தின்னதுக்கு என் போனுக்கு இன்னாத்துக்கு நம்பரு வருது?"

"உன் நம்பரத்தான குடுத்துருக்கு எல்லாத்துக்கும். சொல்லு, கடைல கூட்டமா கீது."

அவள் ஒவ்வொரு எண்ணாக நிதானமாகச் சொன்னாள். "வரும்போது ரெண்டு மொழம் மல்லி வாங்கினு வாங்க" என்றும் சொன்னாள்.

தப்பித்தோம் என்று தனசேகரன் மூன்று முழமாகவே வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் புகார் முடிந்துவிட்டதாகக் காட்டியது. மறுபடி போட்டார்கள். மறுபடி எண், மறுபடி மானியம், இந்தத் தடவை பூவோடு அரைக் கிலோ அல்வா. அதுவும் முடிந்துவிட்டது. இன்னும் மேலே ஓர் இடம் இருக்கிறதென்று அங்கேயும் போட்டார்கள். அதற்கு விஜயலட்சுமி கேட்டது கண்ணாடி வளையல்.

"தீர்வாயிடுச்சின்னு போட்டு மூடிட்டானுங்கண்ணே" என்றான் அன்புச்செல்வன்.

"எனக்குத் தெரியாம எங்கடா தீர்வாச்சு?"

"அதான் போட்டுருக்கான்."

"திருட்டுப் பசங்க. மறுக்கா போடு. எத்தினி வாட்டி மூடுறானுங்கன்னு பாக்குறன்."

தனசேகரன் சளைக்கவில்லை. கம்ப்யூட்டர்தான் சளைத்தது. இனிமேல் இந்த ஆர்டருக்குப் புகார் ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆவணியும் பிறந்துவிட்டது. திங்கட்கிழமை பாங்குக்குப் போகிறேன், பாஸ்புக்கிலும் வரவுசெலவு ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்றாள் விஜயலட்சுமி.

ஞாயிற்றுக்கிழமை தனசேகரன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். தன்னுடைய டச் போனை அன்புச்செல்வனிடமே விற்றார். கையில் வந்த காசில் மூவாயிரத்து ஐந்நூற்றை அவனைக் கொண்டே விஜயலட்சுமியின் கணக்கில் போடச் சொன்னார். மிச்சத்தில் ஒரு பழைய பட்டன் போன் வாங்கிக்கொண்டார். எவன் கொடுத்தால் என்ன, பணம் பணத்தோடு சேர்ந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, டச் போன் கிணற்றில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். அடப்பாவமே என்றாள் அவள். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிரவு தனசேகரன் இத்தனை நாள் விட்ட தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினார்.

திங்கட்கிழமை மத்தியானம் விஜயலட்சுமி புதுக் கம்மலோடு வந்து உட்கார்ந்தாள். காது ஜொலித்தது. தனசேகரனுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"கணக்கெல்லாம் சரியா இருந்துதா?" என்று கேட்டார்.

"ஜாஸ்தியா இருந்துதுங்க."

"ஜாஸ்தியாவா?"

"மூவாயிரத்து அஞ்ஞூறு ஒருவாட்டி போயிருக்குது. ரெண்டு வாட்டி வந்துருக்குது."

தனசேகரன் வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்தார்.

"ஆர்டர் போட்ட மெசேஜதான் நீங்க அழிச்சீங்க. பாங்குலேருந்து வந்த மெசேஜ வுட்டுட்டீங்க. நம்ம மகளிர் குழுத் தலைவி செல்லியம்மாக்கா இருக்குதே, அதுவும் குக்கர் வாங்கி ஏமாந்து பணத்தத் திருப்பி வாங்குன ஆளு. பத்து நாள்ல பார்சல் வல்லன்னதும் ரெண்டு பேருமா புகார் குடுத்தோம். மறுவாரமே பணம் திரும்பிடுச்சு. நீங்க மரவள்ளிக்குக் காத்துனு இருக்கிற மாதிரி குந்திகினு இருந்தீங்க."

போட்ட புகாரையெல்லாம் ஏன் மூடினார்கள் என்று தனசேகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. கொடுத்து முடித்த பணத்தை எவன் மறுபடி கொடுப்பான்?

"அப்பறம் எதுக்குடி ஒவ்வொரு வாட்டியும் அந்த நம்பர சொன்ன?"

"கல்யாணமாயி இத்தினி வருசத்துல நீங்களா பூ வாங்கினு வந்தது எப்போ? அல்வா வாங்கினு வந்தது எப்போ? நீங்களா நிறுத்தறவரைக்கும் நான் எதுக்கு நிறுத்தணும்?"

அவர் தரையைப் பார்த்தார். எடுத்தது தப்புதான் என்று முனகினார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்றாள் அவள், கோபமில்லாமல். அதுதான் இன்னும் சுருக்கென்றது. கொஞ்சம் துணிவை வரவழைத்துக்கொண்டு, அந்த இரண்டாவது மூவாயிரத்து ஐந்நூறு தன்னுடையது என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"தெரியும். அன்புச்செல்வன்னு பேரு போட்டு வந்துருந்துது. யாருன்னு விசாரிச்சிகினு அவன் கடைக்கே போயிட்டு வந்தன். அங்க ஒரு டச் போனு சல்லிசா கெடச்சுது. என் பழைய போனுல சார்ஜே நிக்கல, அந்தப் பணத்தோட மேல ஆயிரம் போட்டு வாங்கிட்டன்."

பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள். திரையில் மீசையை முறுக்கிக்கொண்டு தனசேகரன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல போனுங்க. கெணத்துல வுழுந்துங்கூட ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவல."