அம்பு நிற்க மாட்டேன் என்றது

“மேனேஜரை மதிப்பேன்” என்று அடிக்கத் தொடங்கினார் கணினிப் பராமரிப்பாளர். பெருவிரல் லேப்டாப்பின் டச்பேடில் லேசாக உரசியது. கர்சர் அம்பு துள்ளி மேல் வரிக்கு ஏறியது. “மேனேஜரை” என்ற சொல் “அடியோடு ஒழித்தேன்” என்பதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் ஒழித்தது வைரஸ்களைத்தான்.

ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. பதினொரு மணிக்குள் பணி அறிக்கை போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் மேனேஜர் அவரை நிரந்தரமாக்குவார், இல்லையேல் வீட்டுக்கு அனுப்புவார்.

“ஏங்க, அலமாரியில மவுஸ் இருக்கே. மாட்டிக்கோங்களேன்” என்றாள் மனைவி.

“லினக்ஸ் கட்டளையெல்லாம் தெரிஞ்சவன் மவுஸைத் தேடினா நாலு பேர் சிரிப்பாங்க.”

“வீட்டுல நாம ரெண்டு பேர்தானே?”

அவர் காதில் வாங்கவில்லை. டச்பேடின் வேகத்தைக் குறைக்க, அமைப்புகள் பக்கத்தில் போய் ஒரு கோட்டை நகர்த்தினால் போதும். ஆனால் அது பாமரர் வழியாம். திரையில் நேற்றிலிருந்து திறந்து கிடந்த கறுப்பு ஜன்னலில் கட்டளை அடித்தார். டச்பேடு வேகம் பாதி. அம்பு பழையபடியே துள்ளியது. வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார். அப்போதும் துள்ளியது.

அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. துண்டித்தார்.

“எடுத்துத்தான் பாருங்களேன்.”

“தலை போற வேலையில இருக்கேன்.”

“வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குடையுதுன்னா எப்படி?”

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ‘அடங்க மாட்டாயா, அப்படியானால் ஆடு’ என்று வேகத்தை உச்சத்துக்கு ஏற்றினார். எந்த மாற்றமும் இல்லை. மறுபடி ஃபோன். மறுபடி துண்டித்தார். மணி பதினொன்றாக ஐந்து நிமிடம். அறிக்கையில் மேனேஜர் இப்போது மூன்று இடங்களில் ஒழிந்திருந்தார். டச்பேடையே அணைக்கும் கட்டளையை அடித்தார். அணைந்துவிட்டது என்று ஜன்னல் சத்தியம் செய்தது. அம்பு ஜாலியாக உலாவிக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை ஃபோனை மனைவியே எடுத்து அவர் காதில் வைத்தாள். வரவேற்பறைப் பெண் பேசினாள்.

“சார், அறிக்கையெல்லாம் எதுக்குன்னு மேனேஜர் உங்க பேருக்கு நேரா ‘நிரந்தரம்’ அழுத்தப் போனார். அவர் அம்பு முதல்ல நகரவே இல்ல. அப்புறம் திடீர்னு பறந்து பக்கத்துல ‘பணிநீக்கம்’ல விழுந்துடுச்சு. மாத்தலாம்னா இப்ப டச்பேடே வேலை செய்யல.”

அவர் நிபுணர் அல்லவா? தொண்டையைச் செருமினார்.

“அங்கயும் அதே கோளாறா? பயப்படாதீங்க. நான் சொல்ற கட்டளையை அப்படியே அடிங்க.”

“வேண்டாம் சார். நேத்து அவர் லேப்டாப்பை ரிப்பேர் பண்ண வீட்டிலேர்ந்தே நெட் வழியா அதுக்குள்ள வந்தீங்களே, இன்னும் வெளியவே போகலையாம். காலையிலேர்ந்து நீங்க அடிக்கிற கட்டளை பூரா இங்கதான் வந்துட்டிருக்கு.”