பதினோராம் நம்பர் சிலிப்பரும் பதினைந்தாவது பிள்ளையும்

நாலாங்கட்டைத் தோட்டம்,
லுக்குட் வழி.
6.10.1986, திங்கள்

அன்புத் தங்கை பஞ்சாலைக்கு அக்காள் மயிலம்மாள் எழுதும் கடிதம். இங்கே நான், உன் மாமா அர்ச்சுனன், மகள் புனிதவதி மூவரும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருப்பதாகவே தெரிகிறது. அங்கே மந்தினில் உன் சுகத்தையும், உன் வீட்டுக்காரரான தம்பி நல்லசாமி சுகத்தையும், மூன்று வயது முடிந்த உன் மகன் சுகத்தையும் உள்ளது உள்ளபடி எழுதவும். போன கடிதத்தில் "எல்லாரும் நலம்" என்று ஒரே வரியில் முடித்திருந்தாய். அப்படி முடிக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

நிற்க. "அக்கா, நீ பிள்ளையை ஆயாக்கொட்டகைக்கும் அனுப்பாமல், பாலர் பள்ளிக்கும் அனுப்பாமல், வீட்டிலேயே வைத்துக்கொண்டு சரளமாகப் படிக்க வைத்துவிட்டாயாமே, என்னென்ன சாமான் வாங்கினாய், எனக்கும் சொல்" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். ஆனால் இது உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை ஆபீசில் கொடுக்கப்போவதில்லை. தோட்டத்துக் கடிதங்களைக் கிராணி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். புதன்கிழமை மோட்டாரில் வரும் மீன்காரச் சீனரிடம் கொடுத்து லுக்குட்டில் போடச் சொல்லப்போகிறேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சும்மா சொல்லவில்லை, ஒரு துண்டுக் காகிதத்தில் "உங்கள் தராசு பொய்த் தராசு" என்று எழுதிக் காட்டினேன், சிரித்துக்கொண்டே இரண்டு மீன் கூடப் போட்டார். ஆகையால் கடிதத்தில் மீன் வாடை வந்தால் நீ வேறு எதையும் சந்தேகப்பட வேண்டாம்.

முதலில் சூப்பி. மூன்று வயதாகியும் உன் மகன் போத்தலில்தான் பால் குடிக்கிறான் என்பது நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்தச் சூப்பி ரப்பர். ரப்பர் எங்கிருந்து வருகிறது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். கோப்பையில் எறும்பு, பட்டைத் தூள், மழைத்தண்ணீர், போதாததற்கு மேற்பார்க்க வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தும்முகிற மண்டோர். உன் மாமா லோரியில் ஏற்றிக்கொண்டு போகிற அதே ரப்பர் பால்தான் எங்கேயோ போய் வெள்ளை வெளேரென்று பெட்டியில் அடைபட்டுத் திரும்பி வருகிறது. அதனால் சூப்பியை இருபது நிமிஷம் கொதிக்க வை. நான் ஒரு படி மேலே போய், எழுதினதை அழிக்கிற ரப்பரையும் பிள்ளை வாயில் வைக்குமே என்று அதே சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அது கூழாகி அடியில் பிடித்துக்கொண்டது. முடிந்த மட்டும் தேய்த்துவிட்டு அதிலேயே தேத்தண்ணி போட்டேன். உன் மாமா ஒரு வாய் குடித்தார், சட்டையை இழுத்து மோந்து பார்த்தார், எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்து இன்னொரு வாய் குடித்தார், மறுபடியும் குளிக்கப் போனார். வாடை தேத்தண்ணியில் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து பிள்ளைக்கு ரப்பரே கிடையாது, முதல் தடவையே சரியாக எழுது என்று சொல்லிவிட்டேன், அவளும் எழுதுகிறாள்.

அடுத்தது எழுத்து. போர்டிக்சனில் ராத்திரி போடுகிற பாசார் மாலாமில் இங்கிலீஷ் எழுத்து பிளாஸ்டிக்கில் பெட்டியாக விற்கிறது. வாங்கினால் அங்கேயே பிரித்து எண்ணிப் பார். எனக்கு வந்ததில் இரண்டு க்யூ இருந்தது, ஈ இல்லை. க்யூவை யாரும் கேட்க மாட்டார்கள், தள்ளிவிடுவோம் என்று நினைத்திருப்பான். தமிழுக்கு அந்தப் பெட்டியும் கிடையாது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை எந்தக் கம்பெனி அடைத்து விற்கும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஜப்பான் சிலிப்பரை வெட்டி எழுத்து செய்யலாம் என்று முடிவு செய்தேன். மெத்தென்று இருக்கும், பிள்ளை கடித்தாலும் பல் போகாது. ஆனால் காலில் போட்டதில் அகரம் வெட்டினால் சரஸ்வதி அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பாளா. அதனால் லுக்குட் தவுக்கே கடையில் புத்தம் புதுசாக மூன்று ஜோடி வாங்கினேன், இருக்கிறதிலேயே பெரிய அளவு, பதினோராம் நம்பர், அப்போதுதான் எழுத்து நிறைய வரும். தரையில் வைக்காமல் தலையில் வைத்துக் கொண்டுவந்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, சாம்பிராணி காட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். உன் மாமா வேலை விட்டு வந்து அதில் ஒன்றை எடுத்துக் காலில் மாட்டப் போனார், நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லயத்து நாய்கூட எழுந்து நின்றுவிட்டது. பிறகு வெட்டினேன். கொம்பு தனி, கால் தனி, புள்ளிகூடத் தனி. ஔவுக்கு மட்டும் ரப்பர் பத்தவில்லை.

இங்கேதான் வினை வந்தது. வெட்டினது போக மிச்சமான வாரையெல்லாம் குப்பையில் போட்டேன். ஆயாக்கொட்டகை மங்கம்மா இருக்கிறாளே, நான் பிள்ளையை அவளிடம் விடவில்லை என்று ஆறு வருஷமாக என் மேல் வருத்தம், அவள் அந்த வாரைப் பார்த்திருக்கிறாள். கடைக்காரத் தவுக்கே வேறு "அந்த அம்மா பதினோராம் நம்பர் மூணு ஜோடி வாங்குச்சு" என்று சொல்லியிருக்கிறார். உன் மாமாவுக்கு ஏழாம் நம்பர் கால் என்பது தோட்டத்துக்கே தெரியும். இரண்டே நாளில் என் வீட்டில் ஒரு பெரிய கால்காரன் வந்து தங்கியிருப்பதாகவும், வாரத்துக்கு மூணு ஜோடி சிலிப்பரை அறுப்பதாகவும் பேச்சுக் கிளம்பிவிட்டது. உன் மாமா ஒருநாள் வீட்டுக்குள்ளே வந்து நேராகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். என்ன தேடுறீங்க என்றால் "பூனை"ங்கிறார். நம்ம வீட்டில் ஏது பூனை.

அதற்கு மறுநாள்தான் தலைமையாசிரியர் திருநாவுக்கரசு குடையும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, உங்க வீட்டுல சொந்தக்காரங்க வந்து தங்கியிருக்காங்களாமே. பிள்ளைகுட்டி உண்டா?"

"யாரும் வரலையே சார். யாரு சொன்னா?"

"மங்கம்மாதான் சொன்னிச்சு. ஆளு நல்ல உயரமாம், பதினோராம் நம்பர் காலாம். அவ்ளோ பெரிய ஆளுக்கு ஒரு பிள்ளையாச்சும் இருக்கும்லான்னு பார்த்தேன்."

பார்த்தியா பஞ்சாலை, ஊரெல்லாம் ஆளைத் தேடுது, இந்த மனுஷன் அந்த ஆளுக்குப் பிள்ளை இருக்குதான்னு தேடுறார். விஷயம் என்னன்னா, அடுத்த வருஷத்துக்கு நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மொத்தமே பதினாலு பிள்ளைகள்தான். இன்னும் ஒண்ணு சேரலைன்னா மூடிவிட்டு லுக்குட் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவர் கண், பாயில் உட்கார்ந்து சிலிப்பர் எழுத்தை அடுக்கிக்கொண்டிருந்த புனிதவதி மேலே போய் நின்றது.

"இது யாரு, உங்க பிள்ளையா? வயசு என்னம்மா?"

"நாலரை"ன்னேன்.

"ஆறு"ன்னா அவ.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குச் சாமான் வர ஆரம்பித்தது. நீ கேட்ட சாமான் குறிப்பில் மீதியெல்லாம் இதுதான், கவனமாகப் படி. முதலில் வந்தது தோளில் மாட்டுகிற தண்ணிப் போத்தல், வாத்துப் படம் போட்டது, ஸ்கூலில் மிச்சமாயிடுச்சு என்று வாத்தியார் மங்கம்மா கையில் கொடுத்தனுப்பியிருந்தார். தண்ணி ஊத்தி ஒரு பகல் முழுக்கத் தலைகீழாகத் தொங்கவிட்டேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாத போத்தலை யாராவது சும்மா கொடுப்பார்களா. அடுத்தது கலர் பென்சில், பன்னிரண்டு. பன்னிரண்டும் சீவி வந்தது. ஒரு தலைமையாசிரியர் உட்கார்ந்து பன்னிரண்டு பென்சில் சீவுகிறார் என்றால் அவர் மனசில் எவ்வளவு ஓடியிருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். பிள்ளை அதில் படம் போட்டாள். பள்ளிக்கூடம், கொடிக்கம்பம், உள்ளே நிறையப் பிள்ளைகள், கேட்டுக்கு வெளியே ஒருத்தி. யாருடி இது என்றால் "சும்மா"ங்கிறாள். அந்தப் படத்தை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். மூன்றாவது வந்ததுதான் பெரிசு. உன் மாமா தீபாவளிக்கு என்று ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கி வந்தார். பெண்பிள்ளைக்குத் தீபாவளிக்கு ஒரு பூ இல்லை, மணி இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற மாதிரி மொழு மொழுன்னு வெள்ளைச் சப்பாத்து யாராவது வாங்குவார்களா. அதுவும் அளவு கச்சிதம். தன் சிலுவார் அளவே தெரியாத மனுஷனுக்குப் பிள்ளை கால் அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "குத்துமதிப்பா வாங்கினேன்லா"ன்னு சொல்லிவிட்டு உடனே குளிக்கப் போய்விட்டார். இவரும் வாத்தியார் கட்சிக்குப் போய்விட்டார் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஏன் இப்படி அடம் பிடிக்கிறாய் என்று நீ கேட்பாய். பள்ளிக்கூடம் போகிற வழியில் கால்வாய், பாம்பு, மூணு வகுப்புக்கு ஒரே வாத்தியார் என்றெல்லாம் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். நீ பிறந்தப்போ நான் மூணாம் வகுப்பு. அம்மா வேலைக்குப் போகணும், உன்னைப் பார்த்துக்க ஆள் வேணும்னு என்னை நிறுத்திட்டாங்க. உன் மேல எனக்குக் கோபமில்லை, நீ கைப்பிள்ளை, உனக்கு என்ன தெரியும். ஆனா அன்னிக்கு எட்டாம் வாய்ப்பாட்டோட நின்னேன், ஒன்பதாம் வாய்ப்பாடு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. புனிதவதிக்கும் எட்டு வரைக்கும்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன். மூடப்போறாங்கன்னு பேச்சு அடிபடுற பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டு, அவளும் பாதியில நின்னா நான் என்ன செய்வேன். இதை வாத்தியார்கிட்டயே கேட்டுட்டேன். "நீங்க அனுப்பலைன்னாதாம்மா மூடுவாங்க"ங்கிறார். பதில் சரியாத்தான் இருக்கு, அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரல. இன்னொண்ணும் இருக்கு. விடிஞ்சா உன் மாமா லோரிக்குப் போயிடுறார். பொழுது சாயற வரைக்கும் எனக்குப் பேச்சுத்துணை அவ ஒருத்திதான். அவளும் போயிட்டா இந்த வீட்டுல நான் சுவத்தோடதான் பேசணும்.

ஆகையால் நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். பேர் பதிவு பதினெட்டாம் தேதியோடு முடிகிறது. வருகிற சனிக்கிழமை நானே புனிதவதியைக் கூட்டிக்கொண்டு சிரம்பானில் பஸ் மாறி மந்தின் வருகிறேன். பத்து மணிக்குப் பஸ் நிற்கும் இடத்தில் நில். பதினெட்டு முடிகிற வரை அவள் உன் வீட்டில் இருக்கட்டும். உன் மாமாவிடம் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லப்போகிறேன், யாராவது கேட்டால் இருமு. வாத்தியார் அங்கே வந்தாலும் வருவார், கையில் சாமான் இருந்தால் கதவைத் திறக்காதே.

தம்பி நல்லசாமிக்கு என் அன்பு. உன் மகனுக்கு என் முத்தம், சூப்பியைக் கொதிக்க வைத்த பிறகு கொடுக்கவும். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், யார் பேச்சையும் உடனே நம்பிவிடாமல், நீண்ட நாள் வாழ அந்த மாரியாத்தா துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
மயிலம்மாள்

பி.கு. 8.10.1986, புதன். ஒட்டின கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன், மீன்காரர் வாசலில் நிற்கிறார். சனிக்கிழமை நீ பஸ்ஸுக்கு வந்து நிற்க வேண்டாம், இருமவும் வேண்டாம். நேற்றுக் காலை நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால் பிள்ளையைக் காணோம். கால்வாயைப் பார்த்தேன், கொட்டகையைப் பார்த்தேன், மங்கம்மாதான் கையை நீட்டிக் காட்டினாள். ஓடினேன். பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், தானே தலை சீவிக் கோணல் வகிடு எடுத்துக்கொண்டு வாத்தியார் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். அவர் பேர் பதிவு பாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அப்பா பேர் சொன்னாள், லோரி டிரைவர் என்றாள். அம்மா என்ன வேலை என்று கேட்டுவிட்டு அவரே "சூரி ரூமா, வீட்டுல இருக்காங்க" என்று எழுதப் போனார். "இல்ல சார், எங்கம்மா டீச்சர்"னா இவ. அவர் நிமிர்ந்தவர் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார். "அப்படியே எழுதட்டுமாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். டீச்சர் என்றே எழுதிவிட்டார். இதையும் அவரே சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்று வீடு வரும் வரை சந்தேகப்பட்டேன், வீட்டுக்கு வந்து அழுதேன், அதோடு விட்டுவிட்டேன். நம்ம புனிதவதிதான் பதினைந்தாவது பிள்ளை. சனிக்கிழமை நீ இங்கே வா, உன் மகனையும் கூட்டி வா, வருஷம் பிறந்ததும் அவனைக் கொஞ்ச நாள் என்னிடம் விட்டு வை. ஜனவரியிலிருந்து காலை ஏழரை மணிக்கு மேல் இந்த வீட்டில் டீச்சர் மட்டும்தான் இருப்பாள்.