கணக்கு வாத்தியாரின் இரண்டு கைகள்

இனிமேல் இந்த வீட்டில் காகிதம் கிடையாது என்று கணக்கு வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தார். நோட்டு கிடையாது. பேனா கிடையாது. சாக்பீஸ் தூள் படிந்த சட்டை கிடையவே கிடையாது. அவர் மனைவி தேநீரை மேசைமேல் வைத்துவிட்டு, அப்படியானால் மளிகைப் பட்டியலைச் சுவரில் எழுதிவிடட்டுமா என்று கேட்டாள்.

இந்த மாதிரிக் கேள்விகளை வாத்தியார் காதில் போட்டுக்கொள்வதில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு நடத்துகிற மனிதர். கரும்பலகையில் அவர் வெறும் கையால் போடுகிற வட்டத்தைப் பையன்கள் காம்பஸ் வைத்து அளந்து பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஒரு முடிவு எடுத்தால் அதில் மறுபேச்சுக்கு இடமில்லை என்பது அவருடைய எண்ணம். வீட்டில் மற்றவர்களுக்கு அந்த எண்ணம் இருந்ததாகத் தகவல் இல்லை.

அட்டைப் பெட்டியிலிருந்து கறுப்பாக, தட்டையாக ஒரு பலகையை எடுத்தார். பென் டேப்லெட். கூடவே மை இல்லாத ஒரு பேனா. பலகையின் ஒயரை லேப்டாப்பில் செருகிவிட்டு அதன்மேல் எழுத வேண்டும். பலகையில் ஒரு கீறல்கூட விழாது. எழுத்தெல்லாம் லேப்டாப் திரையில் வந்து நிற்கும்.

இவ்வளவு அமர்க்களத்துக்கும் காரணம் இருந்தது. வருகிற பருவத்திலிருந்து அவருடைய பள்ளிக்கூடம் மாலை வகுப்புகளை இணையம் வழியாக நடத்தப் போகிறது. அதற்கு ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும். சனிக்கிழமை வாத்தியார் வீட்டிலிருந்தே ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். தலைமையாசிரியரும் மற்ற ஆசிரியர்களும் பார்ப்பார்கள். நன்றாக அமைந்தால் பொறுப்பு அவருக்கு. சொதப்பினால் இயற்பியல் ஆசிரியைக்கு. அந்தப் பெண் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். போன மாதம் ஒருநாள் மிகுந்த அக்கறையோடு, “சார், உங்களுக்கு மவுஸ் பிடிக்க வருமா?” என்று கேட்டவள். அந்தக் கேள்வி அவர் தொண்டையில் இன்னும் முள்ளாக நின்றது. அதனால்தான் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, பென் டேப்லெட்டா, பத்து நிமிட வேலை, பழகின கை என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பத்து நிமிடம் ஆனது. பிறகு இரண்டு மணி நேரம் ஆனது.

சிக்கல் கையில் இல்லை, கண்ணில் இருந்தது. எழுதும்போது எழுதுகிற கையைப் பார்ப்பதுதான் அவருடைய ஐம்பது வருடப் பழக்கம். கையைப் பார்த்தால் அங்கே வெறும் கறுப்புப் பலகை. திரையைப் பார்த்தால் கை எங்கே போகிறது என்று தெரியவில்லை. சமக்குறி போட்டார், இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பெருக்கல் குறியாக நின்றன. எட்டு போட்டார், மேல் சுழி ஒரு வரியிலும் கீழ்ச் சுழி அடுத்த வரியிலும் விழுந்தன. காம்பஸைத் தோற்கடித்த அந்த வட்டம் வாயே மூடாமல் திறந்து கிடந்தது.

புதன்கிழமை வரை இதே கதைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளேயிருந்து பெருமூச்சு கேட்கும். பலகை மட்டமான சரக்கு என்றார். பேனா கனம் போதவில்லை என்றார். மின்விசிறிக் காற்றில் கை நடுங்குகிறது என்று அதையும் நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்தார்.

புதன்கிழமை மாலை அவர் முகம் கழுவப் போயிருந்தபோது மனைவி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறவள். பன்னிரண்டு வருடமாக அவளுடைய வலது கை யாருடைய வயிற்றின் மேலாவது கருவியை நகர்த்திக்கொண்டிருக்கும். கண் எதிரே இருக்கும் திரையை விட்டு அசையாது. அவளுக்கு இந்தப் பலகை புதிதாகவே தெரியவில்லை. பேனாவை எடுத்து, திரையைப் பார்த்தபடி, மளிகைப் பட்டியலை எழுதினாள்.

துண்டோடு திரும்பி வந்த வாத்தியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சர்க்கரை ஒரு கிலோ. சோப்பு நான்கு. எழுத்து ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

“எப்படி எழுதின?”

“திரையைப் பார்த்துதான்.”

“கையைப் பார்க்காம எப்படி வரும்?”

“நான் கையைப் பார்த்துட்டிருந்தா உள்ள இருக்கிற குழந்தையை யார் பார்க்கிறது?”

வாத்தியாருக்கு ஒரு நிமிடம் பொறாமையாகத்தான் இருந்தது. அவளுடைய வேலையை உறவினர்களிடம் ‘ஜெல்லியைத் தடவுகிற வேலை’ என்று சொல்லிச் சிரித்தவர் அவர். ஆனால் பொறாமையை வைத்துக்கொண்டு சனிக்கிழமையைத் தாண்ட முடியாது. இரவுச் சாப்பாடு முடிவதற்குள் அவர் மூளை ஒரு திட்டத்தைத் தயார் செய்துவிட்டது. அற்புதமான திட்டம். இதை யோசித்ததற்கே தன்னைப் பொறுப்பாசிரியராக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கேமராவில் அவர் மட்டும் தெரிவார். மேசையின் பக்கவாட்டில், கேமராவுக்கு எட்டாத இடத்தில், பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவள் இருப்பாள். பரணில் கிடக்கும் பழைய மானிட்டரை இறக்கி அவளுக்கு எதிரே வைத்தால், லேப்டாப்பில் தெரிவது அதிலும் தெரியும். அவர் வாயால் சொல்லச் சொல்ல அவள் எழுத வேண்டியதுதான்.

அவள் ஒரேயொரு கேள்வி கேட்டாள். “எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னா, யார் எழுதினதுன்னு சொல்வீங்களா?”

“அதெல்லாம் நேரம் வரும்போது சொல்லிக்கலாம்.”

அந்த நேரம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் இருக்கும் அலமாரியைச் சுவரில் துளை போட்டு மாட்டியவள் அவள். ஆறு வருடமாக, வருகிறவர்கள் எல்லாம் அதைப் புகழ்கிறார்கள்; ஆறு வருடமாக அவர், “ஏதோ நமக்குத் தெரிஞ்ச வேலை” என்று அடக்கமாகச் சொல்லிவருகிறார். அவள் பரண் ஏணியை எடுத்து வந்தாள்.

வியாழனும் வெள்ளியும் ஒத்திகை நடந்தது. வாத்தியார் இடது கையை மேசைமேல் வைத்து, வலது கையைக் கேமராவுக்குக் கீழே மறைத்து, எழுதுவதுபோல் ஆட்டிக்கொண்டே பேசினார். தன் நடிப்பில் அவருக்குப் பரம திருப்தி. எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“நிஜத்தைச் சொல்லவா? தோள் மட்டும் ஆடுது. எங்கேயோ சொறியிற மாதிரி இருக்கு.”

வாத்தியார் முகம் சுருங்கியது. அவளே வழியும் சொன்னாள்.

“வகுப்புல ரெண்டு கையையும் வீசித்தானே பேசுவீங்க? அப்படியே பேசுங்க. அதுதான் உங்களுக்கு அழகு. கையை ஒளிச்சாத்தான் சந்தேகம் வரும்.”

அழகு என்ற சொல்லை அவளிடமிருந்து கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வாத்தியார் அதற்குமேல் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை வகுப்பு பத்து மணிக்குத் தொடங்கியது. இருபடிச் சமன்பாடு. முதல் இரண்டு வரியைச் சொன்னதும் திரையில் எழுத்து முத்து முத்தாக வந்து விழுந்தது. அதைப் பார்த்த பிறகு வாத்தியாரைப் பிடிக்க முடியவில்லை. குரல் கணீரென்று எழுந்தது. கை இரண்டும் பள்ளிக்கூடத்தில் போலவே பறந்தன. வளைகோடு எப்படி இறங்கி எப்படி ஏறும் என்பதை அவர் இரண்டு கையையும் விரித்துக் காற்றில் காட்டினார்; அதே நேரத்தில் திரையில் அழகான ஒரு வளைகோடு தானாக இறங்கி, தானாக ஏறியது. நடுவில் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் இரண்டு கையாலும் நிதானமாகத் துடைத்தபடியே விடையைச் சொன்னார். அவர் துடைத்து முடிப்பதற்குள் விடை எழுதப்பட்டு, கீழே இரண்டு கோடும் போடப்பட்டிருந்தது.

கைதட்டல் படங்கள் திரையில் வரிசையாக ஏறின. இயற்பியல் ஆசிரியை அனுப்பியது மூன்று. வாத்தியார் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து நின்றபோது இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தார்.

ஐந்து நிமிடத்தில் தலைமையாசிரியரின் அழைப்பு வந்தது. மனைவியும் கேட்கட்டும் என்று பெரிய மனதோடு ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், வகுப்பு பிரமாதம். அந்த எழுத்து இருக்கே, நாங்க எல்லாரும் அசந்துட்டோம்.”

“எல்லாம் பழக்கம் சார்.”

“அதான் கேட்கலாம்னு கூப்பிட்டேன். கண்ணாடியை ரெண்டு கையாலயும் துடைச்சீங்க. அப்பவும் எழுத்து நிற்கல. உங்க வீட்ல யார் சார் அவ்வளவு நல்லா எழுதறது?”

மனைவி போனை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு, தான்தான் எழுதியது என்று சொல்லி வணக்கமும் சொன்னாள். அவள் செய்கிற வேலையைத் தலைமையாசிரியர் விசாரித்தார். அவள் சொன்னதைக் கேட்டு, அப்படியா, அப்படியா என்று வியந்தார். பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று ஆசிரியர்களுக்குக் கை ஒரு பக்கம் போனால் கண் ஒரு பக்கம் போகிறது, வாரம் ஒருநாள் வந்து பழக்கிவிட முடியுமா என்று கேட்டார். புதன்கிழமை தனக்கு விடுமுறைதான் என்றாள் அவள். மாலை வகுப்பின் பொறுப்பைப் பற்றிப் பயிற்சி முடிந்த பிறகு முடிவு செய்யலாம் என்று தலைமையாசிரியர் பேச்சை முடித்தார்.

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கணக்கின் விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பார்த்துவிட்டு வழியைத் தேடுகிறவரைப் போல முதலிலிருந்து யோசித்தார்.

“கையை வீசிப் பேசச் சொன்னது நீதானே?”

“நான்தான்.”

“தெரிஞ்சேவா சொன்ன?”

“நீங்க வாயால சொல்ல மாட்டீங்க. அதான் கையால சொல்ல வெச்சேன்.”

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் உண்மையில் வந்தது வெட்கம். அதோடு கொஞ்சம் பெருமையும் கலந்து வந்ததை அவரால் தடுக்க முடியவில்லை. பழைய மானிட்டரை அவரே தூக்கிக்கொண்டு போய்ப் பரணில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பென் டேப்லெட்டில் எழுதி அச்சடித்த தாள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களின் பட்டியலில் அவர்தான் முதல் ஆள். மற்றவர்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை. அவருக்கு எதிரே மட்டும், அடைப்புக்குறிக்குள், ‘ஆரம்ப நிலை’ என்றிருந்தது. இயற்பியல் ஆசிரியை அதைப் படித்துவிட்டு, சிரிப்பை மறைக்கத் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

அன்று மாலை வீட்டில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “அந்த ஆரம்ப நிலையை மட்டும் எடுத்துடேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.”

அவள் கேள்வித்தாள் எழுதிக்கொண்டிருந்தாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நாலாவது வாரம் பரீட்சை வெச்சிருக்கேன். பாஸ் பண்ணுங்க, பார்க்கலாம்.”